முதுகு வலிக்குதுங்க, கிட்னியா இருக்குமோ?

டயாலிசிஸ் யூனிட்டில் வேலை என்று யாருக்காவது தெரிந்துவிட்டால் போதும், கல்யாணப் பந்தியில் இலை போடுவதற்குள் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்துவிடுவார். "தம்பி, ரெண்டு நாளா இந்தப் பக்கம் முதுகு புடிச்சு வலிக்குது, கிட்னியா இருக்குமோ?" நான் டாக்டர் இல்லை, டெக்னீஷியன். ஊசி போட்டு மெஷினில் இணைப்பது, நாலு மணி நேரம் பக்கத்திலேயே நின்று பிரஷர் பார்ப்பது, முடிந்ததும் ரத்தம் நிற்கும் வரை பஞ்சை அழுத்திப் பிடிப்பது, இதுதான் என் வேலை. ஆனால் அந்த நாலு மணி நேரத்தில் படுத்திருப்பவரும், வெளியே பெஞ்சில் காத்திருக்கிற வீட்டாரும் டாக்டரிடம் கேட்க விட்டுப்போனதை எல்லாம் என்னிடம்தான் கேட்பார்கள். கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றேதான். நெப்ராலஜி, அதாவது சிறுநீரக டாக்டர்கள் சொல்லும் பதில்களும் கேட்டுக் கேட்டு மனப்பாடம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம், அது உங்கள் ஃபைலைப் பார்க்கிற டாக்டரின் வேலை.

முதுகு வலியை முதலில் முடித்துவிடுகிறேன். குனிந்தால் நிமிர்ந்தால் கூடுகிறது, படுத்தால் குறைகிறது, பைக் பள்ளத்தில் இறங்கினால் சுருக்கென்று இழுக்கிறது என்றால் அது பெரும்பாலும் தசை, இல்லாவிட்டால் முதுகெலும்பு. கல் வலி வேறு ரகம். விலாவுக்குக் கீழே பின்பக்கம் ஆரம்பித்து அடிவயிறு, தொடையிடுக்கு வரை இறங்கும், விட்டு விட்டு வரும், கூடவே வாந்தி, சிலருக்குச் சிறுநீரில் ரத்தம். அந்த வலி வந்தவரால் ஒரு இடத்தில் உட்காரவே முடியாது, எழுந்து நடப்பார், மறுபடி படுப்பார், சுவரைப் பிடித்துக்கொண்டு நெளிவார். அதோடு குளிர் காய்ச்சலும் சேர்ந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, அன்று ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஆனால் எங்கள் யூனிட்டில் படுத்திருப்பவர்களில் பெரும்பாலானோரிடம் கேட்டுப் பாருங்கள், "எனக்கு முதுகே வலிச்சதில்லையேப்பா" என்றுதான் சொல்வார்கள். சர்க்கரையும் பிரஷரும் வருஷக்கணக்கில் சிறுநீரகத்தைக் கெடுக்கும்போது வலி என்று ஒன்று வராது. வலிக்கிறவர் பயந்துபோய் அடுத்த நாளே ஸ்கேன் எடுக்கிறார், பத்து வருஷச் சர்க்கரைக்காரர் ஒரு யூரின் டெஸ்ட்கூட எடுக்காமல் நிம்மதியாக இருக்கிறார். இந்தத் தலைகீழ்தான் எனக்குப் பெரிய வயிற்றெரிச்சல்.

ஸ்கேன் என்றதும் இன்னொன்று. வேறு எதற்கோ வயிற்று ஸ்கேன் எடுத்திருப்பார்கள், ரிப்போர்ட்டின் கடைசியில் '3 மி.மீ. கல்' என்றோ, 'சிஸ்ட்' என்றோ ஒரு வரி இருக்கும், அதைப் பார்த்து ஒரு வாரம் தூங்கமாட்டார்கள். வயதானவர்களுக்குச் சாதாரண நீர்க்கட்டி ஒன்றிரண்டு இருப்பது சகஜம். 5 மில்லிமீட்டருக்குக் குறைவான கல் பெரும்பாலும் தானாகவே வெளியே வந்துவிடும். ஆனால் இரண்டு சிறுநீரகத்திலும் நிறைய கட்டிகள் இருக்கிறது, அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இதே தொல்லை இருந்தது என்றால் அது வேறு கதை, பரம்பரையாக வருவது, பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அவர்கள் கட்டாயம் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

"சரி, வலிக்காதுன்னா எப்படித்தான் தெரிஞ்சுக்கறது?" கால் வீங்குவது ஒன்று. சாயங்காலம் செருப்பு வார் பதிந்த தடம் மறையாமல் இருக்கும், விரலால் அழுத்தினால் குழி விழும், காலையில் எழுந்தால் கண் இரப்பை உப்பியிருக்கும். ஆனால் கால் வீக்கம் எல்லாம் கிட்னி இல்லை. பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடுகிற நிறைய பேருக்கு அந்த மாத்திரையாலேயே கணுக்கால் வீங்கும், டோஸ் கூடினால் வீக்கமும் கூடும். இதயம், கல்லீரல், நாளெல்லாம் நின்றுகொண்டே வேலை செய்வது, இப்படிப் பல காரணங்கள். சிறுநீரில் நுரை அடுத்தது. வேகமாக விழுந்தால் யாருக்கும் நுரைக்கும், டாய்லெட்டில் கிளீனர் ஊற்றியிருந்தாலும் நுரைக்கும். நாலைந்து நாளாகத் தொடர்ந்து, தண்ணீர் ஊற்றியும் போகாத நுரை என்றால் புரதம் போகிறதா என்று பார்க்க வேண்டும். ராத்திரி மூன்று நாலு முறை எழுந்து போவது சர்க்கரையாலும் இருக்கலாம், ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி வீங்கி சிறுநீர்ப் பாதையை அடைப்பதாலும் இருக்கலாம், சிறுநீரகம் சிறுநீரைக் கெட்டியாக்கும் திறனை இழந்ததாலும் இருக்கலாம். பசியே இல்லை, வாயில் ஏதோ உலோகத்தை நக்கிய மாதிரி ருசி, உடம்பெல்லாம் அரிப்பு, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டல், இவையெல்லாம் வரும்போது பெரும்பாலும் மிகவும் தாமதம். அதனால் அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள்.

புராஸ்டேட் பற்றி ஒரு வார்த்தை. பெரியவர்கள் இதை வெளியே சொல்லக் கூச்சப்படுகிறார்கள். அடைப்பு மாதக்கணக்கில் நீடித்தால் சிறுநீர் பின்னுக்குத் தேங்கி இரண்டு சிறுநீரகமும் வீங்கிவிடும், ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறிவிடும். டயாலிசிஸ் என்று பயந்து வந்தவருக்கு ஒரு டியூப் போட்டு அடைப்பை எடுத்ததும் சில நாளில் கிரியாட்டினின் இறங்குவதைப் பார்க்கிறோம். உங்கள் வீட்டுப் பெரியவர் பாத்ரூமில் ரொம்ப நேரம் நின்றால் நீங்களே கேளுங்கள், அவராகச் சொல்ல மாட்டார்.

இப்போது எல்லோரும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற கிரியாட்டினினுக்கு வருவோம். ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்பி, "1.1 இருக்கு, நார்மல்தானே?" என்பார்கள். யாருக்கு 1.1 என்பதைப் பொறுத்தது. கிரியாட்டினின் தசையிலிருந்து வருகிற கழிவு. சதைப்பிடிப்பான 25 வயதுப் பையனுக்கு 1.1 என்றால் கணக்குப் போட்டால் இஜிஎஃப்ஆர், அதாவது சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் எண், 95 பக்கம் வரும், கவலையே இல்லை. அதே 1.1 ஒல்லியான 70 வயது ஆத்தாவுக்கு என்றால் இஜிஎஃப்ஆர் 54 பக்கம்தான், அதாவது 60-க்குக் கீழே. மூன்று மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழேயே நின்றால் அதற்கு நாள்பட்ட சிறுநீரக நோய் என்றே பெயர். ரிப்போர்ட்டில் பக்கத்தில் போட்டிருக்கிற நார்மல் அளவுக்குள் இருக்கிறதே என்று அந்த ஆத்தாவுக்கு மூட்டு வலி ஊசி போட்டுக்கொண்டே இருப்பார்கள். கிரியாட்டினின் நார்மலைத் தாண்டும்போது பலருக்குச் சிறுநீரகத்தின் வேலையில் பாதி போய்விட்டிருக்கும். அதனால் லேப்பில் கேட்டு இஜிஎஃப்ஆர் எண்ணையும் வாங்குங்கள். வயது, ஆணா பெண்ணா, கிரியாட்டினின் மூன்றும் இருந்தால் போனிலேயே கணக்குப் போடலாம்.

யாருமே கேட்காத டெஸ்ட் ஒன்று உண்டு, நான் இத்தனை எழுதுவதே அதற்காகத்தான். சிறுநீரில் ஆல்புமின், கிரியாட்டினின் விகிதம், சுருக்கமாக ஏசிஆர். சிறுநீரகத்தில் இருக்கும் பல லட்சம் வடிகட்டிகளும் நல்ல நிலையில் இருந்தால் ரத்தத்தில் உள்ள புரதம் சிறுநீருக்கு வராது. சர்க்கரையாலும் பிரஷராலும் அவை பழுதாகும்போது முதலில் கசிவது ஆல்புமின்தான், கிரியாட்டினின் ஏறுவதற்குச் சில வருஷங்கள் முன்பே. 30-க்குக் கீழே இருந்தால் சரி, 30-லிருந்து 300 வரை எச்சரிக்கை, அதற்கு மேலே நிலைமை தீவிரம். ஒரு சின்ன டப்பாவில் சிறுநீர் கொடுத்தால் போதும், ஊசிகூட இல்லை. சர்க்கரையோ பிரஷரோ உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை இதையும் கிரியாட்டினினையும் பார்க்க வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பட்டையை நனைத்துப் புரதம் பார்க்கும் சோதனையாவது கிடைக்கும், காசு கிடையாது. மாதாமாதம் சர்க்கரை பார்க்க லேப்புக்குப் போகிறவர்கள், மூன்று மாதச் சராசரி வரை தெரிந்து வைத்திருக்கிறவர்கள், 'ஏசிஆர் எவ்வளவு' என்று கேட்டால் முழிக்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

"சுகர் மாத்திரை சாப்பிட்டுச் சாப்பிட்டுத்தான் கிட்னி போச்சுங்க." இதைச் சொல்லாத குடும்பம் இல்லை. சிறுநீரகத்தைக் கெடுத்தது சர்க்கரை, மாத்திரை இல்லை. மெட்பார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. சிறுநீரகம் ஏற்கனவே பலவீனமாகிவிட்டால் அந்த மாத்திரை உடம்பில் தேங்கும் என்பதால் இஜிஎஃப்ஆர் 45-க்குக் கீழே போனால் டோஸைக் குறைப்பார்கள், 30-க்குக் கீழே நிறுத்துவார்கள். 'நிறுத்திட்டாங்க பாரு, அப்ப அதனாலதானே' என்று ஊர் முடிவு கட்டிவிடுகிறது. பிரஷருக்குத் தரும் ராமிப்ரில், டெல்மிசார்ட்டன் வகை மாத்திரைகளும் அப்படித்தான். ஆரம்பித்ததும் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறலாம், 30 சதவீதம் வரை ஏறினால் டாக்டர்கள் பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள், ஏனென்றால் புரதக் கசிவைக் குறைத்து நாளடைவில் சிறுநீரகத்தைக் காப்பாற்றுவதே அந்த மாத்திரைதான். அடுத்து டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின். சர்க்கரைக்காக வந்த மருந்துகள், சிறுநீரகம் கெடும் வேகத்தையும் குறைக்கின்றன என்று பெரிய ஆய்வுகளில் தெளிவாகிவிட்டது. இந்தியாவில் முதலாவதற்கு 2020-லும் இரண்டாவதற்கு 2025 மார்ச்சிலும் காப்புரிமை முடிந்ததால் விலை நன்றாகவே இறங்கியிருக்கிறது. விலை கேட்டு முன்பு வேண்டாம் என்றவர்கள் இப்போது டாக்டரிடம் மறுபடி கேட்கலாம். வாந்தி, பேதி, பட்டினி உள்ள நாட்களில் இந்த இரண்டு மாத்திரைகளையும் நிறுத்தி வைக்கச் சொல்வார்கள், அதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரையால் சிறுநீரகம் போவதே இல்லையா என்றால், போகிறது, ஆனால் யாரும் சந்தேகப்படாத மாத்திரையால். மெடிக்கல் கடையில் போய் "உடம்பு வலிக்கு ஒரு செட் குடுங்க" என்றால் பேர் இல்லாத சின்னக் காகிதக் கவரில் நாலைந்து மாத்திரை வரும். அதில் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரைகளில் ஒன்று பெரும்பாலும் இருக்கும், சில சமயம் ஸ்டீராய்டும். ஒரு நாள் சாப்பிட்டால் நல்லா இருக்கிறவருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. மூட்டு வலிக்கு வருஷக்கணக்கில், அதுவும் சர்க்கரையோடு, டெல்மிசார்ட்டனோடு, நீர் பிரிகிற மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டு, நடுவில் ரெண்டு நாள் பேதியும் ஆனால், ஒரே வாரத்தில் சிறுநீரகம் படுத்துவிடும். காய்ச்சல், வலிக்குப் பாராசிட்டமால் அளவோடு எடுத்தால் இவற்றைவிடப் பாதுகாப்பு. சிறுநீரகத்தைக் கெடுக்கும் இந்தப் பட்டியலில் சிவப்பழகு கிரீம்களும் உண்டு. 2023-ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் பாதரசம் கலந்த கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரில் புரதம் போகும் நோய் வந்ததை டாக்டர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். முகத்தில் பூசுவது ரத்தத்துக்குப் போகாது என்று நினைக்க வேண்டாம்.

தண்ணீர். "நாலு லிட்டர் குடிச்சா கிட்னி கழுவி விட்ட மாதிரி ஆயிடுமாமே?" ஆகாது. சிறுநீரகம் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகிறது, உங்கள் ஒரு குடம் தண்ணீரை நம்பி அது இல்லை. ஏற்கனவே கல் வந்தவர்கள் நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகிற அளவுக்குக் குடிக்க வேண்டும், அது உண்மை. வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கும் அதிகம் வேண்டும். தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களில் வேலை செய்கிறவர்கள் கொளுத்தும் வெயிலில், தாகத்தை அடக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இலங்கையின் அனுராதபுரம் பக்கமும் ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும் சர்க்கரையும் இல்லாமல் பிரஷரும் இல்லாமல் விவசாயக் கூலிகளுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போகிறது, காரணம் என்ன என்று ஆராய்ச்சிக்காரர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள், வெயிலும் நீர் வறட்சியும் சந்தேகப் பட்டியலில் முன்னால் இருக்கின்றன. ஜவுளிக்கடைப் பெண்கள் பாத்ரூம் போக விடமாட்டார்கள் என்பதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருந்து நீர்க்கடுப்போடு வருகிறார்கள். கடை ஊழியர்கள் உட்கார நாற்காலி போட வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது, பாத்ரூமுக்குப் போகவும் முதலாளிகள் மனசு வைக்க வேண்டும். நேர்மாறாக, கால் வீங்கி, சிறுநீர் குறைந்துபோனவர் நாலு லிட்டர் குடித்தால் அது நுரையீரலில் போய் நிற்கும். எங்கள் நோயாளிகளுக்குத் தண்ணீர் அளந்துதான், ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஏறும் எடை பெரும்பாலும் உடம்பில் தேங்கிய தண்ணீர்தான். எடை மெஷினில் ஏறுமுன் சட்டைப் பையிலிருந்து போன், சாவிக்கொத்து, சில்லறை வரை எடுத்து வைத்துவிட்டு, பெல்ட்டையும் கழற்றிவிட்டு, "இப்பப் பாரு, ரெண்டரை கிலோதான் ஏறியிருக்கு" என்பார் ஒருவர். ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குப் போய்விட்டு வந்த திங்கட்கிழமை அவர் பெல்ட்டோடு சேர்த்து வேட்டியையும் கழற்றினாலும் நாலு கிலோ காட்டும்.

வாழைத்தண்டுச் சாறு, சிறுபீளை, நெருஞ்சில், மூக்கிரட்டை. கொங்குப் பக்கம் பொங்கலுக்கு முன்னால் காப்புக் கட்டும்போது வாசலில் செருகுவோமே பூளைப்பூ, அதுதான் சிறுபீளை. வாழைத்தண்டைப் பொரியலாகச் சாப்பிடுவதில் யாருக்கும் சண்டை இல்லை, சின்னக் கல் இருக்கிறவர் தண்ணீரோடு சேர்த்து இதையும் சாப்பிடட்டும். கிரியாட்டினின் 4, 5 என்று ஏறியவர் லிட்டர் கணக்கில் கஷாயம் குடிப்பதுதான் பிரச்சினை. சிறுநீரகம் கெட்டவருக்குப் பொட்டாசியம் வெளியேறாது, அது ஏறினால் இதயம் முன்னறிவிப்பு இல்லாமல் நின்றுவிடும். இளநீர் ஒன்றில் ஒரு வாழைப்பழத்தைவிட அதிகப் பொட்டாசியம் இருக்கிறது, ஊரெல்லாம் அதை 'கிட்னிக்கு நல்லது' என்கிறது. நட்சத்திரப் பழம் இன்னும் மோசம், சிறுநீரக நோயாளிக்கு விடாத விக்கல், குழப்பம், வலிப்பு வரை கொண்டுபோகும். புளிப்பான பிலிம்பிக்காயைச் சாறாகப் பிழிந்து கொழுப்புக் குறையக் குடித்து, நன்றாக இருந்த சிறுநீரகம் கெட்டு வந்தவர்களைக் கேரளத்து டாக்டர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இந்துப்பு நல்லதாமே என்பார்கள், அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள், எங்கள் ஆட்களுக்கு அது விஷம். நாளைக்கு 5 கிராம், ஒரு டீஸ்பூன், அதற்குள் எல்லா உப்பும், ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் உட்பட. கல் இருக்கிறவர் பாலை நிறுத்தத் தேவையில்லை. உணவில் வரும் சுண்ணாம்புச் சத்து கல் உருவாகக் காரணமான ஆக்ஸலேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும், குறைக்க வேண்டியது உப்பைத்தான். பீர் குடித்தால் கல் கரையுமா என்று கேட்பவர்களுக்கு நான் பதிலே சொல்வதில்லை, கேட்கும்போதே முகத்தில் தெரியும் எதற்குக் கேட்கிறார்கள் என்று.

"டயாலிசிஸ் ஆரம்பிச்சா விடவே முடியாதாமே, அதனால தள்ளிப்போடறோம்." இது ஆளைக் கொல்லும் பேச்சு. கண்ணாடி விரியன் கடித்தவர், எலிக்காய்ச்சல் வந்தவர், கடும் பேதியில் சிறுநீர் நின்றுபோனவர், இவர்களில் நிறைய பேருக்குச் சில வாரம் டயாலிசிஸ் செய்தால் சிறுநீரகம் திரும்ப வேலை செய்ய ஆரம்பித்துவிடும், வீட்டுக்குப் போய்விடுவார்கள். வருஷக்கணக்கில் கெட்டு இஜிஎஃப்ஆர் 10-க்குக் கீழே போனவருக்குத் தொடர்ந்து தேவைப்படுவது அந்த நோயால், மெஷின் பழக்கியதால் இல்லை. அவர்கள் தள்ளிப்போட்டுவிட்டு நடு ராத்திரியில் மூச்சு முட்டி வரும்போது கழுத்தில் அவசரமாக டியூப் போட வேண்டியிருக்கிறது. முன்கூட்டியே கையில் ஃபிஸ்டுலா, அதாவது தமனியையும் சிரையையும் இணைக்கும் சின்ன அறுவை, செய்துகொண்டால், அது தயாராகச் சில வாரங்கள் ஆகும், அப்புறம் ஊசி போடுவது சுலபம். அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே விர்ரென்று ஓடுவது தெரியும். தினமும் காலையில் தொட்டுப் பாருங்கள், விர் நின்றுவிட்டால் அன்றே ஓடி வர வேண்டும். அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ ஊசி போடவோ விடாதீர்கள், எந்த ஆஸ்பத்திரி நர்ஸ் கேட்டாலும் மறுகையை நீட்டுங்கள். செலவைக் கேட்பவர்களுக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் உண்டு, அரசு ஆஸ்பத்திரிகளிலும் செய்கிறார்கள். அட்டை இல்லாதவர்கள் முதலில் அதை எடுக்க அலையுங்கள், சிகிச்சை நடுவில் அலைவது கொடுமை.

கடைசியாகத் தனியாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்கிற கேள்வி, "ஒரு கிட்னி குடுத்தா நான் நல்லா இருப்பேனா?" கேட்பவர் பெரும்பாலும் அம்மா, இல்லாவிட்டால் மனைவி. மனைவிக்குக் கொடுக்க வந்து இப்படிக் கேட்கிற கணவரை நான் அரிதாகத்தான் பார்க்கிறேன், இதை எழுதாமல் போக மனசு வரவில்லை. வேலூர் சிஎம்சியில் 1971-லேயே சிறுநீரக மாற்று அறுவை நடந்துவிட்டது, அதிலிருந்து பார்த்தால் நமக்கு இதில் ஐம்பது வருஷத்துக்கு மேல் அனுபவம். சர்க்கரை, பிரஷர், புரதக் கசிவு எதுவும் இல்லை என்று நன்றாகச் சோதித்த பிறகுதான் எடுப்பார்கள், மீதியுள்ள ஒன்று கொஞ்சம் பெருத்து வேலையைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளும், பெரும்பாலானவர்கள் வழக்கம்போல வாழ்கிறார்கள். ரத்த வகை சேராவிட்டால் இதே நிலையில் உள்ள இன்னொரு குடும்பத்தோடு சட்டப்படி மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது, புரோக்கர் பேச்சு எதற்கும் காது கொடுக்க வேண்டாம், அது குற்றம். கொடுத்தவருக்கு முதல் வருஷம் எல்லோரும் சிக்கன் சூப் வைத்துக் கொடுத்துக் கவனிப்பார்கள், அப்புறம் வாங்கியவரை மட்டும் செக்கப்புக்குக் கூட்டிப் போவார்கள். அம்மா வெளியே பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவரையும் உள்ளே கூட்டி வாருங்கள், வருஷத்துக்கு ஒருமுறை பிரஷர், கிரியாட்டினின், அந்த ஏசிஆர், மூன்றும் அவருக்கும் பார்க்க வேண்டும்.